‘5,000 யென்னுக்கு நீங்களே பார்த்துப் போடுங்க!’ - தெருமுனை சுஷி கடை கவுன்ட்டரில் ஒரு சீட்

டோக்கியோவில் ஒரு சாதாரண ரயில் நிலையம். மாலை ஆறரை மணி. ஸ்டேஷனைவிட்டு வெளியே வந்து, மருந்துக்கடை, சலவைக்கடை, காய்கறிக்கடை எல்லாம் தாண்டி இரண்டாவது சந்தில் திரும்பினால், ஒரு சின்னக் கடை. வாசலில் நீலத்துணி ஒன்று தொங்குகிறது. அதில் வெள்ளை எழுத்தில் ‘சுஷி’ என்று எழுதியிருக்கிறது. துணிக்குப் பின்னால் மரத்தில் செய்த தள்ளுகதவு. அது மூடியிருக்கிறது.

உள்ளே யார் இருக்காங்க? தெரியாது. எவ்வளவு ஆகும்? தெரியாது. வாசலில் போட்டோ போட்ட மெனு இல்லை. கதவைத் தள்ளினால் உள்ளே இருக்கும் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்ப்பார்களே என்ற பயம் வேறு. கையில் இருக்கும் போனைப் பார்க்கிறோம். நூறடி தூரத்தில் ஒரு பர்கர் கடை இருப்பதாக மேப் சொல்கிறது. கால் தானாகத் திரும்பிவிடுகிறது.

ஜப்பானுக்கு வேலைக்கோ, படிக்கவோ, சுற்றிப் பார்க்கவோ போகிற நம்மூர் ஆள்களுக்கு மட்டும் நடக்கிற விஷயமில்லை இது. அந்த ஊர் இளைஞர்களில் பலருக்கும் இந்தக் கதவைத் தள்ளத் தயக்கம்தான். ஆனால், அந்தக் கதவுக்குப் பின்னால் இருப்பது, உலகத்திலேயே ரொம்ப எளிமையான ஏற்பாடுகளில் ஒன்று. ஒரு மர மேஜை. அந்தப் பக்கம் சமைப்பவர், இந்தப் பக்கம் சாப்பிடுபவர். நடுவில் வேறு யாரும் இல்லை.

அந்த மேஜையில் எப்படி உட்காருவது, என்ன சொல்வது, எதற்கெல்லாம் பயப்பட வேண்டாம்... பார்க்கலாம் வாங்க.

மூணு வகை சுஷி கடை

‘சுஷி’ என்றதும் நமக்கு இரண்டு காட்சிகள் மனதில் வரும். ஒன்று, தட்டுகள் பெல்ட்டில் ஊர்ந்து வரும் கடை. 1958-ல் ஷிராய்ஷி யோஷியாகி என்பவர் ஒசாகா பக்கம் ‘கென்ரோகு சுஷி’ என்ற பெயரில் தொடங்கிவைத்தது. பீர் தொழிற்சாலையில் பாட்டில்கள் பெல்ட்டில் போவதைப் பார்த்துதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. இன்று அந்த வகைக் கடைகளில் பெரும்பாலும் டேப்லெட்டில் தொட்டு ஆர்டர் செய்கிறார்கள். ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டு, பில் கட்டி, வெளியே வந்துவிடலாம்.

இன்னொன்று, மாதக்கணக்கில் காத்திருந்தாலும் இடம் கிடைக்காத பெரிய இடம். டோக்கியோவின் கின்ஸா பகுதியில் தரைக்குக் கீழே இருக்கும் ‘சுகியபாஷி ஜிரோ’ அப்படிப்பட்டது. மொத்தமே பத்து சீட்தான். 2011-ல் வந்த ‘ஜிரோ ட்ரீம்ஸ் ஆஃப் சுஷி’ ஆவணப்படம் அதை உலகத்துக்கே காட்டியது. 2014 ஏப்ரலில் ஜப்பான் பிரதமர் அபே, அமெரிக்க அதிபர் ஒபாமாவை அங்கேதான் சாப்பிட அழைத்துப்போனார்.

இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் ‘மாச்சி ஸுஷி’. ‘ஊர் சுஷி கடை’ என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் கணவன், மனைவி சேர்ந்து நடத்துவது. எட்டு, பத்து சீட் இருக்கும் கவுன்ட்டர். ஓரமாக ஒன்றிரண்டு டேபிள். சில கடைகளில் பாய் விரித்த சின்ன அறை. மாடியில் அவர்கள் வீடு. சுற்றியிருக்கும் தெருக்களில் பிறந்தநாள், துக்க வீடு, விருந்தாளி வருகை எது என்றாலும் வட்டமான பெரிய மரத்தட்டில் சுஷி அடுக்கி வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பார்கள். காலித்தட்டை மறுநாள் வந்து வாங்கிக்கொள்வார்கள்.

நாம் நுழையப்போவது இந்தக் கடைக்குள்தான்.

நின்றுகிட்டே சாப்பிட்ட காலம்

சுஷியின் மூதாதை, சாப்பிடவே மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டிய ஒரு பண்டம். உப்புப் போட்ட மீனைச் சோற்றுக்குள் புதைத்துப் புளிக்கவைப்பார்கள். மீன் கெடாமல் இருப்பதற்குத்தான் சோறு. ஜப்பானின் பீவா ஏரிக்கரையில் இன்றும் ‘ஃபுனாஸுஷி’ என்ற பெயரில் அது கிடைக்கிறது. வாசனையைத் தாங்கத் தனித் தைரியம் வேண்டும்.

டோக்கியோவுக்கு ‘எடோ’ என்று பெயர் இருந்த காலத்தில், அவ்வளவு நாள் காத்திருக்க யாருக்கும் பொறுமை இல்லை. கட்டட வேலை, படகு வேலை, சுமை தூக்கும் வேலை என ஆண்கள் குவிந்திருந்த நகரம் அது. சோற்றில் வினிகர் கலந்து, புளிப்பை அங்கேயே உண்டாக்கி, அதன்மேல் மீன் துண்டை வைத்து, கையில் பிடித்துக் கொடுத்தால் அரை நிமிஷத்தில் சாப்பாடு ரெடி. 1820-களில் ரியோகோகு பகுதியில் கடை போட்ட ஹனயா யோஹே என்பவரைத்தான் இந்த ‘நிகிரி’ சுஷியை நிலைநிறுத்தியவர் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். ‘நிகிரி’ என்றால் கையால் பிடித்தது. நம்ம ஊர் பிடிகொழுக்கட்டை போல என்று நினைத்துக்கொள்ளலாம். ஒரே வித்தியாசம், இதை அழுத்திப் பிடிக்கக் கூடாது. கையில் எடுக்கும்போது உதிராமலும், வாயில் போட்டதும் தானாக உதிர்ந்தும் போக வேண்டும்.

அன்றைக்கு இது தள்ளுவண்டிச் சாப்பாடு. குளித்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர் வழியில் நின்று, இரண்டு மூன்று எடுத்து வாயில் போட்டு, காசு வைத்துவிட்டுப் போய்விடுவார். ஒரு சுவாரஸ்யம், அப்போது வாடிக்கையாளர் நிற்பார். சுஷி பிடிப்பவர் உட்கார்ந்திருப்பார். இன்று அப்படியே தலைகீழ். போருக்குப் பிறகு சுகாதார விதிகளால் தள்ளுவண்டிகள் மறைந்தபோது, அந்த வண்டியின் பலகைதான் கடைக்குள் வந்து கவுன்ட்டராக மாறியது.

ஆக, கவுன்ட்டர் என்பது பணக்காரர்களுக்காகப் போடப்பட்ட மேடை கிடையாது. அது ஒரு தள்ளுவண்டியின் மிச்சம். தயக்கம் வரும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கோப்பை அரிசிக்குப் பத்து சுஷி

இந்தக் கடைகள் ஒருமுறை மொத்தமாக மூடப்பட வேண்டிய நிலைமையும் வந்தது. இரண்டாம் உலகப்போர் முடிந்து ஜப்பானில் கடும் உணவுப் பஞ்சம். 1947-ல் உணவகங்கள் இயங்கத் தடை போட்டு அரசு ஓர் உத்தரவு போட்டது. சுஷி பிடிக்க அரிசியே கிடையாது.

டோக்கியோ சுஷிக்காரர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ‘நாங்க சாப்பாடு விக்கலை. நீங்க ரேஷன் அரிசி கொண்டுவாங்க, அதை சுஷியா மாத்திக் கொடுக்கிறோம். எங்களுக்குக் கூலி மட்டும் போதும்’ என்றார்கள். மில்லுக்கு நெல் கொண்டுபோய் அரைத்து வாங்குவோமே, அந்தக் கணக்கு. ஒரு ‘கோ’ அரிசி, அதாவது சுமார் 150 கிராம் கொடுத்தால் பத்து சுஷி. அதிகாரிகள் ஒப்புக்கொண்டார்கள். மற்ற ஊர்களும் இதைப் பின்பற்ற, எடோ நகரத்தின் நிகிரி சுஷி நாடு முழுக்கப் பரவியது.

இன்றும் பல கடைகளில் ஓர் ஆளுக்கான சுஷி எண்ணிக்கை பத்தையொட்டியே இருப்பதைப் பார்க்கலாம். அந்தப் பசிக்காலத்தின் கணக்கு அது.

கதவைத் தள்ளியாச்சு... அடுத்து?

வாசலில் தொங்கும் துணிக்குப் பெயர் ‘நோரென்’. அது வெளியே தொங்கினால் கடை திறந்திருக்கிறது என்று அர்த்தம். உள்ளே போய்விட்டால் கடை மூடியாச்சு.

கதவைத் தள்ளியதும் ‘இரஷ்ஷாய்மஸே!’ என்று ஒரு குரல் வரும். ‘வாங்க வாங்க’ என்பதுதான் அது. பதில் சொல்லணும்னு கட்டாயமில்லை. எத்தனை பேர் என்று விரலைக் காட்டினால் போதும், எங்கே உட்காருவது என்று அவர்களே காட்டுவார்கள்.

உட்கார்ந்ததும் ஈரத்துண்டு வரும். கையைத் துடைக்கத்தான் அது. முகத்தையும் கழுத்தையும் துடைக்க வேண்டாம். அடுத்து, பெரிய கோப்பையில் சூடான கிரீன் டீ. சில கடைகளில் கேட்காமலேயே சின்னக் கிண்ணத்தில் ஏதோ ஒன்று வைப்பார்கள். அதற்குச் சிறு தொகை பில்லில் சேரும். ஏமாற்று வேலை இல்லை, அங்கே அது வழக்கம்.

எதிரே கண்ணாடிப் பெட்டிக்குள் அன்றைய மீன்கள் வரிசையாக இருக்கும். அதற்குப் பின்னால் நிற்பவரை ‘தைஷோ’ என்று கூப்பிடலாம். நம்ம ஊரில் கடைக்காரரை ‘அண்ணாச்சி’ என்போமே, கிட்டத்தட்ட அந்த உரிமையும் மரியாதையும் கலந்த வார்த்தை.

மூணே வார்த்தை போதும்

இங்கேதான் எல்லோரும் தடுமாறுவார்கள். மெனு கார்டு இல்லாமல் எப்படி ஆர்டர் செய்வது? மூன்று வழிகள் இருக்கின்றன.

ஒகிமாரி: இது செட். நம்ம ஊர் ‘அளவுச் சாப்பாடு’ மாதிரி. எத்தனை சுஷி, என்ன விலை எல்லாம் முன்கூட்டியே முடிவானது. ‘நாமி’ என்றால் சாதாரணம், ‘ஜோ’ என்றால் ஒரு படி மேலே, ‘தொகுஜோ’ என்றால் அதற்கும் மேலே. சுவரில் விலையோடு எழுதியிருப்பார்கள். முதல்முறை போகிறவர்களுக்கு இதுதான் நிம்மதி.

ஒமகாசே: ‘உங்க கையில் விட்டுட்டேன்’ என்று அர்த்தம். அன்று எது நன்றாக இருக்கிறதோ, அதை தைஷோவே ஒவ்வொன்றாகப் பிடித்துக் கொடுத்துக்கொண்டே இருப்பார்.

ஒகோனோமி: ‘என் இஷ்டம்.’ கண்ணாடிப் பெட்டியைப் பார்த்து, வேண்டியதை ஒவ்வொன்றாக நீங்களே சொல்வது. பெயர் தெரியாவிட்டால் விரலைக் காட்டிக் கேட்கலாம்.

பயணிகள் பலர் ‘ஒமகாசே’ என்ற வார்த்தையைக் கேட்டாலே ‘அது ரொம்ப காஸ்ட்லி’ என்று ஒதுங்கிவிடுகிறார்கள். பெரிய ரெஸ்டாரன்ட்டுகளில் அப்படித்தான். ஊர் சுஷி கடையில் அந்த வார்த்தைக்கு முன்னால் ஒரு தொகையைச் சேர்த்துச் சொல்லலாம். ‘கொசென் என் குராய் தே ஒனெகாய்ஷிமாஸ்.’ அதாவது, ‘5,000 யென் அளவுக்குள்ள போடுங்க’.

காசு இவ்வளவுதான் இருக்கு என்று சொல்வதில் கூச்சமே வேண்டாம். தைஷோவுக்கும் அது உதவி. எந்த மீனை எடுப்பது, எதை விடுவது என்று அவர் மனதுக்குள்ளேயே கணக்குப் போட்டுக்கொள்வார். நாம் ஒவ்வொரு வாய்க்கும் பில் எவ்வளவு ஆகியிருக்கும் என்று பதறிக்கொண்டே சாப்பிட வேண்டியதில்லை.

விலை எழுதாத பலகை

சில கடைகளில் சுவரில் மீன் பெயர் எழுதிய மரப்பலகைகள் தொங்கும். சிலவற்றின் பக்கத்தில் விலைக்குப் பதில் ‘ஜிகா’ என்று இருக்கும். ‘இன்றைய சந்தை விலை’ என்று பொருள். காசிமேட்டில் வஞ்சிரத்தின் விலை காலையில் ஒன்று, மதியம் ஒன்று என்று மாறுவது நமக்குத் தெரியும்தானே? அதேதான். மீன் வரத்து, சீஸன், அலை, புயல் எல்லாம் சேர்ந்து விலையை முடிவு செய்யும். எவ்வளவு என்று கேட்பதில் தப்பே இல்லை. கேட்காமல் சாப்பிட்டுவிட்டு பில் வரும்போது முகம் மாறுவதைவிட அது எவ்வளவோ மேல்.

பர்ஸுக்கு இன்னொரு வழி, மதியம் போவது. ராத்திரி விலைக்கு மதிய செட் ரொம்பக் குறைவாக இருக்கும். பல ஊர் கடைகளில் 1,000 முதல் 2,000 யென்னுக்குள் நிறைவாகச் சாப்பிடலாம். முதலில் மதியம் ஒருமுறை போய் முகம் பழகிவிட்டால், ராத்திரி கதவைத் தள்ளும்போது கை நடுங்காது.

பழைய கடைகள் பலவற்றில் கார்டு வாங்க மாட்டார்கள். கையில் ரொக்கம் இருக்கட்டும். டிப்ஸ் வைக்கும் பழக்கம் ஜப்பானில் இல்லை.

எதில் ஆரம்பிக்கணும்?

வாழையிலையில் சாம்பார், ரசம், மோர் என்று ஒரு வரிசை இருக்கிறது. முதலிலேயே மோர் ஊற்றிக்கொண்டால் யாரும் அடிக்க மாட்டார்கள், ஆனால் அந்த வரிசைக்கு ஒரு காரணம் இருக்கிறது இல்லையா? சுஷியிலும் அப்படித்தான். மென்மையான சுவையுள்ள வெள்ளைச் சதை மீன், கணவாய் இவற்றில் தொடங்கி, சூரை இனத்தைச் சேர்ந்த ‘மகுரோ’, கொழுப்பு அதிகமான மீன்கள் என்று போய், இனிப்பான குழம்பு தடவிய ‘அனாகோ’ எனும் கடல் விலாங்கு, கடைசியில் ரோல், முட்டை என்று முடிப்பது வழக்கம். கொழுப்பான மீனை முதலில் சாப்பிட்டுவிட்டால், அடுத்து வரும் மென்மையான மீன் நாக்கில் தெரியாது. அவ்வளவுதான் விஷயம். இது சட்டம் இல்லை.

தைஷோவின் கை எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் கேட்பது ‘கொஹதா’. மத்தி மாதிரி முள் நிறைந்த, விலை குறைந்த சின்ன மீன். அதற்கு உப்புப் போட்டு, கழுவி, வினிகரில் ஊறவைக்க வேண்டும். மீனின் அளவு, கொழுப்பு, அன்றைய வெயில் பார்த்து ஊறும் நேரம் மாறும். கொஞ்சம் தவறினாலும் சுவை போய்விடும். ஃப்ரிட்ஜ் இல்லாத காலத்தில் மீனைக் காப்பாற்றக் கண்டுபிடித்த வேலைகள் இவையெல்லாம். சோயாவில் ஊறிய சூரை, வேகவைத்த விலாங்கு எல்லாம் அந்த வரிசைதான்.

‘சால்மன் எங்கே?’ என்று தேடுவீர்கள். பழைய கடைகள் சிலவற்றில் அது இருக்காது. பச்சையாகச் சாப்பிடும் சால்மன் சுஷி, 1980-களில் நார்வேக்காரர்கள் தங்கள் மீனை ஜப்பானில் விற்கச் செய்த முயற்சியால் பரவியது. எடோ வழிவந்த கடைகளுக்கு அது புதுவரவு.

கையா, குச்சியா?

இரண்டும் ஓகே. கையில் எடுத்துச் சாப்பிடுவது தப்பில்லை. தள்ளுவண்டி நாள்களில் இருந்து அப்படித்தான். நமக்கு இதில் பிறவித் தகுதியே இருக்கு!

சோயாவைத் தொடும்போது மட்டும் சுஷியைச் சாய்த்து, மீன் பக்கத்தைத் தொடுங்கள். சோற்றுப் பக்கத்தைத் தொட்டால் அது உறிஞ்சி, உடைந்து, கிண்ணத்திலேயே விழுந்துவிடும். சில கடைகளில் தைஷோவே தூரிகையால் மேலே சாஸ் தடவித் தருவார். அப்போது வேறு எதுவும் தொட வேண்டாம்.

பக்கத்தில் வைக்கும் இஞ்சி ஊறுகாய், ஒரு மீனின் ருசியை நாக்கிலிருந்து துடைத்துவிட்டு அடுத்ததற்குத் தயாராக. சுஷியின் மேலே வைத்துச் சாப்பிட அல்ல. வசாபி காரம் ஆகாதென்றால் ‘சபி நுகி’ என்று முன்பே சொல்லிவிடலாம்.

முக்கியமான இரண்டே விஷயங்கள். ஒன்று, கனமான சென்ட் வேண்டாம். எட்டு பேர் தோளோடு தோள் உட்காரும் இடம், மீனின் மெல்லிய வாசனையே காணாமல் போய்விடும். இரண்டு, வைத்ததும் சாப்பிடுங்கள். சோறு கிட்டத்தட்ட உடம்புச் சூட்டில் இருக்கும்போது பிடித்துத் தருகிறார்கள். ஆங்கிள் பார்த்து பத்து போட்டோ எடுத்து முடிப்பதற்குள் சோறு ஆறிவிடும், ரோலின் கடற்பாசித்தாள் நமத்துவிடும். போட்டோ எடுக்கலாமா என்று கேட்டுவிட்டு, ஒன்று எடுத்துக்கொண்டு, போனைப் பைக்குள் வையுங்கள்.

இன்னொரு விஷயம். யூடியூப் பார்த்துவிட்டு சோயாவை ‘முராசாகி’ என்றும், டீயை ‘அகாரி’ என்றும் சொல்லி அசத்த நினைக்க வேண்டாம். அவை கடைக்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் குழூஉக்குறிகள். சாதாரணமாகப் பேசினாலே போதும். பில் வேண்டுமென்றால் ‘ஒகாய்கேய் ஒனெகாய்ஷிமாஸ்’. கிளம்பும்போது ‘கொச்சிசோசமா தேஷிதா’. ‘சாப்பாடு பிரமாதம், நன்றி’ என்பதுபோல. எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

‘பச்சை மீனா... ஐயோ!’

நியாயமான பயம்தான். அயிலை, கணவாய் போன்றவற்றில் ‘அனிசாகிஸ்’ எனும் புழு இருக்கக்கூடும். வினிகரோ, சோயாவோ, வசாபியோ அதைக் கொல்லாது. மைனஸ் 20 டிகிரியில் 24 மணி நேரத்துக்கு மேல் உறையவைப்பதும், நன்றாக வேகவைப்பதும்தான் கொல்லும். அதனால்தான் நல்ல கடைகளில் மீன் வந்த உடனே குடலை எடுத்துவிட்டு, சதையைக் கண்ணால் தேடிப் பார்த்து வெட்டுகிறார்கள். கர்ப்பிணிகளும் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் பச்சை மீனைத் தவிர்ப்பதே நல்லது.

பச்சையாக இல்லாதவையும் நிறைய உண்டு. வேகவைத்த இறால், வேகவைத்த பேய்க்கணவாய், விலாங்கு, முட்டை என்று கேட்டு வாங்கலாம்.

சைவர்களுக்கு வெள்ளரிக்காய் வைத்த ‘கப்பா மாகி’, முள்ளங்கி ஊறுகாய் ரோல், புளித்த சோயா பீன்ஸ் வைத்த ‘நத்தோ’ ரோல் இருக்கும். ‘கன்ப்யோ’ என்று ஒன்று உண்டு. அது நம்ம சுரைக்காய் வகையை நாடாபோலச் சீவி, காயவைத்து, இனிப்பாக வேகவைத்தது. ஆனால் ஒரு எச்சரிக்கை. கன்ப்யோவையும் முட்டையையும் பெரும்பாலும் ‘தாஷி’ எனும் மீன் சாற்றில்தான் சமைப்பார்கள். சுத்த சைவம் என்றால் கேட்டுக்கொள்ளுங்கள். போகும் முன்பே போன் செய்து சொல்லிவிட்டால் இன்னும் நல்லது.

அடுப்படியில் உட்கார்ந்து சாப்பிடுவது

இவ்வளவு தெரிந்துகொண்டு ஏன் கவுன்ட்டரில் உட்கார வேண்டும்? பார்சல் வாங்கி அறையில் சாப்பிட்டால் ஆகாதா?

ஹாலில் டி.வி முன்னால் சாப்பிடும் தோசைக்கும், அடுப்படியில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, கல்லில் இருந்து நேராகத் தட்டுக்கு வரும் தோசைக்கும் என்ன வித்தியாசம்? சூடு மட்டுமா? நாம் எவ்வளவு வேகமாகச் சாப்பிடுகிறோம், எதை ஒதுக்குகிறோம், இன்னொன்று வேணுமா, வயிறு நிறைந்துவிட்டதா என்று அம்மா பார்த்துக்கொண்டே இருப்பார். கேட்காமலே மூன்றாவது முறுகலாக வரும்.

தைஷோ செய்வதும் அதைத்தான். இடது கையால் எடுக்கிறீர்கள் என்று கவனித்தால், அடுத்த சுஷியை இடது கைக்கு வாகாகத் திருப்பி வைப்பார். நீங்கள் மெதுவாகச் சாப்பிட்டால் அவரும் நிதானிப்பார். ஒரு மீனைச் சாப்பிட்டு உங்கள் புருவம் உயர்ந்தால் அவருக்குத் தெரிந்துவிடும். சோற்றைக் குறைத்துப் பிடிக்கச் சொன்னால் பிடித்துத் தருவார். எந்த ஆப்பிலும் இதற்கு ஒரு பட்டன் கிடையாது.

தனியாகச் சாப்பிடப் போகிறவர்களுக்கு இது இன்னும் பெரிய விஷயம். நான்கு பேர் டேபிளில் ஒற்றை ஆளாக உட்கார்ந்து, எதிரே காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு, போனில் முகம் புதைக்கும் சங்கடம் கவுன்ட்டரில் இல்லை. எல்லோரும் ஒரே பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். பேசலாம், பேசாமலும் இருக்கலாம். கத்தி மரப்பலகையில் படும் சத்தம், பக்கத்து சீட் தாத்தா நேற்றைய பேஸ்பால் மேட்ச் பற்றிப் புலம்புவது, எல்லாவற்றுக்கும் நடுவே தனியாக இருந்தும் தனியாக இல்லாத ஒரு மணி நேரம். புது ஊரில் வேலைக்குப் போய், நாள் முழுக்க ஸ்கிரீனோடு மட்டும் பேசியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

நோரெனை மாட்ட ஆள் வேண்டும்

இந்தக் கடைகள் குறைந்துகொண்டே வருகின்றன. சூப்பர் மார்க்கெட்டிலேயே சுஷி பாக்கெட் கிடைக்கிறது. பெல்ட் கடைகள் மலிவாகத் தருகின்றன. வீட்டு விசேஷங்களுக்கு மரத்தட்டு ஆர்டர் கொடுப்பதும் முன்புபோல் இல்லை. தைஷோக்களுக்கு வயதாகிவிட்டது. ‘சோறு வடிக்க மூணு வருஷம், பிடிக்க எட்டு வருஷம்’ என்று தொழிலில் ஒரு சொலவடை உண்டு. இன்று சில மாதங்களில் சுஷி கற்றுத்தரும் பள்ளிகள் வந்துவிட்டன. ஆனால், அங்கே படித்து முடிப்பவர்கள் நகரத்தின் பெரிய ரெஸ்டாரன்ட்டுக்கோ, வெளிநாட்டுக்கோ போகவே விரும்புவார்கள். சந்துக்குள் இருக்கும் எட்டு சீட் கடையை எடுத்து நடத்த பிள்ளைகள் முன்வராவிட்டால், அந்தக் கடை அந்தத் தலைமுறையோடு முடிந்தது.

ஒரு கடை மூடினால் சுஷிக்கு ஒன்றும் ஆகிவிடாது, வேறு இடத்தில் கிடைக்கும். போவது வேறு ஒன்று. மூன்றாவது வீட்டுப் பாட்டிக்கு சோறு குறைவாகப் பிடிக்க வேண்டும், பள்ளி ஆசிரியருக்கு வசாபி ஆகாது, புதிதாகக் குடிவந்த வெளிநாட்டுப் பையன் செவ்வாய்க்கிழமை தனியாக வருவான் என்றெல்லாம் நினைவில் வைத்திருந்த ஒரு மனிதர் அந்தத் தெருவில் இல்லாமல் போகிறார்.

இந்தக் கதவைத் தள்ளத் தயங்கும் ஒவ்வொருவரும் நல்லவர்கள்தான். ஏதாவது தப்பு செய்துவிடுவோமோ என்ற பயம் மட்டும்தான் அவர்களைத் தடுக்கிறது. ஆனால், உள்ளே நிற்பவர் நம்மிடம் எதிர்பார்ப்பது இரண்டு தகவல்கள்தான். கையில் எவ்வளவு இருக்கு? எது உங்களுக்கு ஆகாது? மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார்.

ராத்திரி கடைசி ஆள் கிளம்பியதும், தைஷோவின் மனைவி வெளியே வந்து நோரெனைக் கழற்றி, சுருட்டி உள்ளே கொண்டுபோய் வைப்பார். மறுநாள் மாலை அது மறுபடியும் வாசலில் தொங்க வேண்டுமானால், இன்று யாராவது ஒருவர் அந்தக் கதவைத் தள்ளியிருக்க வேண்டும்.

ஜப்பான் போனால், அந்த ஒருவர் நீங்களாக இருங்களேன்!